வன்னியில் அறுந்து வன்னியில் பொருந்திய பாதை: இலங்கையின் வடக்குப் புகையிரத வழி பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் வடக்குப் புகையிரதப் பாதையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கியே அதை விவரிப்பர். பொல்காவலைச் சந்தியில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, குருநாகல், மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் சென்று, காங்கேசன்துறைக் கடற்கரையில் முடியும் 339 கிலோமீற்றர் நீள அகலப் பாதை என்பதே வழமையான வரைவிலக்கணம். இந்த விவரிப்பில் பிழையில்லை. ஆயினும், பாதை போடப்பட்ட ஒழுங்கையும், பின்னர் அது அறுந்த ஒழுங்கையும், மீண்டும் பொருத்தப்பட்ட ஒழுங்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கையில் வேறொரு வடிவம் தெரிகிறது. தெற்கே ஒரு பாதி, வடக்கே ஒரு பாதி என இரு துண்டுகளாகத் தொடங்கி, இடையிலிருந்த வன்னி நிலத்தில் 1905இல் ஒன்றுசேர்ந்த பாதை இது. ஏறத்தாழ அதே இடத்தில்தான் அது பின்னர் அறுந்தது. அதே இடத்தில்தான் 2014இல் மீண்டும் பொருந்தியது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான பாதை என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும், அதன் விதியை ஒவ்வொரு முறையும் தீர்மானித்தது இரு நகரங்களுக்கும் நடுவிலுள்ள வன்னியே என்பதை இந்த ஆய்வு எடுத்துக்காட்ட முயல்கிறது.

பாதை வருவதற்கு முன்

இலங்கையின் முதல் புகையிரதம் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. அதன் பின் பாதைகள் மலைநாட்டை நோக்கியே விரைந்தன. முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் அவற்றை இழுத்துச் சென்றன. வடக்கில் அத்தகைய தோட்டப்பயிர் எதுவும் இருக்கவில்லை. புகையிலையும் பனம்பொருள்களும் இருந்தன. நெருக்கமாக வாழ்ந்த, கல்வியில் முனைப்புக் கொண்ட ஒரு மக்கள்தொகை இருந்தது. தோட்டக்காரரின் கணக்கில் இவை பெரிதாகத் தோன்றவில்லை. எனவே 1890களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தார் கொழும்புக்குச் செல்வதாயின் கடல்வழியே கப்பலேறினர், அல்லது வன்னிக் காட்டை ஊடறுத்த பெருந்தெருவில் மாட்டு வண்டியில் பல நாள்கள் பயணித்தனர். காட்டு வழியில் மலேரியா பெரும் அச்சமாக இருந்தது. குளங்கள் உடைந்து தூர்ந்து, ஊர்கள் அருகிப்போயிருந்த வன்னியில் இரவு தங்குவதற்கு இடம் கிடைப்பதே அரிதாக இருந்தது.

1894இல் பொல்காவலையிலிருந்து குருநாகல் வரை பாதை திறக்கப்பட்டது. அக்காலத்தில் அதைக் குருநாகலுக்கான ஒரு கிளைப்பாதையாகவே கருதியிருப்பர். அது வடக்கே போகுமா என்பது அடுத்த சில ஆண்டுகளின் வாதமாக இருந்தது. வடக்குக்குப் புகையிரதம் வேண்டும் என்ற கோரிக்கை யாழ்ப்பாணத்தில் தொடர்ந்து எழுப்பப்பட்டு, ஆளுநர் வெஸ்ற் றிட்ச்வேயின் காலத்தில் ஏற்கப்பட்டது.

இரு முனையிலிருந்தும்

குருநாகலிலிருந்து வடக்கு நோக்கிப் பாதையை நீட்டுவதோடு மட்டும் நில்லாமல், காங்கேசன்துறையிலிருந்து தெற்கு நோக்கியும் வேலை தொடங்கப்பட்டது. இந்தத் தீர்மானம் இப்பாதையின் வரலாற்றில் மிக முக்கியமானது. காங்கேசன்துறை துறைமுகம். தண்டவாளமும், சிலிப்பர் கட்டையும், இயந்திரமும், பெட்டிகளும் கடல்வழியே வந்து இறங்கலாம். அப்போது எந்தப் புகையிரதப் பாதையோடும் தொடர்பில்லாதிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அவை வேறெந்த வழியாலும் வந்திருக்க முடியாது. சுண்ணக்கல் அடித்தளமுடைய குடாநாட்டு நிலம் தட்டையானது; பெரிய ஆறுகளோ மலைகளோ இல்லை. மக்கள் நெருக்கமாக வாழ்ந்ததால் பாதை முழுமையாகும் முன்னரே உள்ளூர்ப் பயணிகளால் வருவாய் கிடைக்கும் என்று கணக்கிடவும் இயன்றது.

அக்கணக்கு பிழைக்கவில்லை. 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் வடக்கின் முதல் புகையிரதம் ஓடியது. கொழும்பைப் பாராத, கொழும்போடு இணையாத ஒரு புகையிரதம் குடாநாட்டுக்குள் மட்டும் ஓடிய காலம் அது. மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று ஊரூராக நின்று யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பி நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்குள் நுழைந்தது. அதே ஆண்டின் செப்ரெம்பரில் பாதை பளை வரை நீண்டது. அங்கே நின்றது.

பளை என்ற இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தென்னந்தோப்புகள் சூழ்ந்த அந்தச் சிறிய ஊர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வடக்குப் பாதியின் தென்முனையாக இருந்தது. மறுபுறத்தில், தெற்குப் பாதி 1904 நவம்பரில் அநுராதபுரத்தை எட்டியது. இடையில் இருந்ததெல்லாம் வன்னி.

அந்த இடைவெளியின் காலத்தில் பயணம் எவ்வாறு இருந்தது என்பதை 1905 ஜனவரியில் இளம் சிவில் சேவையாளராக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட லெனாட் வூல்ஃபின் பயணம் காட்டுகிறது. கொழும்பிலிருந்து அநுராதபுரம் வரை அவர் புகையிரதத்தில் வந்தார். அங்கிருந்து தபால் மூட்டைகள் ஏற்றிய மாட்டு வண்டியில், அந்த மூட்டைகளின் மேலேயே படுத்தவாறு காட்டைக் கடந்து, வடக்கே மீண்டும் புகையிரதமேறி யாழ்ப்பாணத்தை அடைந்தார். இரு புகையிரதங்களுக்கு நடுவே ஒரு மாட்டு வண்டி: வடக்குப் பாதையின் அன்றைய நிலைமையை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. பின்னாளில் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் அறியப்பட்ட அவர் ஏழு மாதங்கள் தாமதித்து வந்திருந்தால் அந்த வண்டி அவருக்குத் தேவைப்பட்டிராது.

மதவாச்சிக்கும் பளைக்கும் இடையிலான கடைசித் துண்டு 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அன்று கொழும்பிலிருந்து புறப்பட்ட முதல் புகையிரதம் பதின்மூன்று மணிநேரத்துக்கும் சற்று அதிகமான பயணத்தின் பின் யாழ்ப்பாணம் வந்தடைந்தது. கப்பலிலும் வண்டியிலும் நாள்களாக எண்ணப்பட்ட தூரம் அன்று முதல் மணிகளாக எண்ணப்பட்டது. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்ற நிலையங்களின் நிரல் அப்போதுதான் உருவாயிற்று. 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பிரிந்த 106 கிலோமீற்றர் கிளை, தனுஷ்கோடிக் கப்பலோடு சேர்ந்து, இந்தப் பாதையைத் தமிழகத்தோடும் இணைத்தது. அந்தக் கிளைக்குத் தனியான ஆய்வு தேவை. இங்கு அதைத் தொட்டுச் செல்கிறோம்.

பாதை செய்த நிலம்

ஒரு புகையிரதப் பாதை ஏற்கெனவே இருக்கும் ஊர்களை இணைப்பதோடு நிற்பதில்லை. தான் செல்லும் வழியில் ஊர்களை உண்டாக்கவும் செய்கிறது. கிளிநொச்சியே அதற்கு நல்ல சான்று. பாதை வந்தபோது அது பெயரளவான ஓர் இடம். இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, அதன் நீரை நம்பி 1930களிலிருந்து குடாநாட்டு விவசாயிகள் குடியேற்றப்பட்டபோது, குடியேறியவர்களைக் கொண்டுவந்து இறக்கவும் அவர்கள் விளைத்த நெல்லை ஏற்றிச் செல்லவும் புகையிரதம் ஆயத்தமாக இருந்தது. குளமும் பாதையும் சேர்ந்து செய்த நகரம் என்று கிளிநொச்சியைக் கூறலாம்.

தொழிற்சாலைகளும் இப்பாதையின் ஓரத்திலேயே அமைந்தன. காங்கேசன்துறையின் சுண்ணக்கல்லை நம்பிச் சீமெந்து ஆலை எழுந்தது. ஆனையிறவுக் கடல்நீரேரியில் உப்பு விளைந்தது. அந்த உப்பை மூலப்பொருளாகக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்யும் இரசாயனத் தொழிற்சாலை பரந்தனில் நிறுவப்பட்டது. உப்பளத்துக்கு அடுத்த நிலையத்திலேயே உப்பை மூலப்பொருளாக்கும் ஆலை, இரண்டையும் தொட்டுச் செல்லும் தண்டவாளம், வடமுனையில் சீமெந்து ஆலை என, நாட்டின் வடபகுதிக்குச் சுதந்திரத்தின் பின் கிடைத்த அரச கைத்தொழில் கட்டமைப்பின் பெரும்பகுதியை இந்த ஒற்றைப் பாதையில் கோத்துவிடலாம். நாவற்குழியில் பாதையை ஒட்டியே அரசின் உணவுக் களஞ்சியம் இருந்தது. குடாநாட்டுக்கான அரிசியும் மாவும் அங்கு வந்து இறங்கின. மறுதிசையில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் தெற்கே போயின.

எனினும் மக்கள் மனத்தில் இப்பாதை நிலைத்திருப்பது சரக்கினால் அன்று. 1956 ஏப்ரில் 23ஆம் திகதி யாழ்தேவி என்ற விரைவுப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. கனடா அன்பளிப்பாக வழங்கிய டீசல் இயந்திரங்கள் அக்காலத்தில் சேவைக்கு வந்திருந்தன; காலையில் கொழும்பு கோட்டையில் ஏறியவர் அன்றே யாழ்ப்பாணத்தில் பிந்திய மதியச் சோறு உண்ணலாம் என்ற நிலை உண்டானது. கொழும்பில் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் கணக்காளராகவும் வேலை பார்த்த குடாநாட்டார், குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டுத் தாம் மட்டும் தெற்கே வாழ்ந்து, விடுமுறைக்கு விடுமுறை ஊர் திரும்பும் ஒரு வாழ்க்கை முறை இப்பாதையை நம்பியே உருவானது. பகலுக்கு யாழ்தேவி, இரவுக்கு மெயில் வண்டி. ஊர்வழக்கில் எல்லாமே கோச்சிதான். தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் கோச்சியில் இடம் பிடிப்பதென்பது அக்காலத்துக் கொழும்பு வாசிகளுக்குத் தனியொரு திறமையாக இருந்தது. முறிகண்டியில் வண்டி நிற்கையில் இருக்கையிலிருந்தபடியே பிள்ளையாரை நோக்கிக் கைகூப்பிய முதியவர்களை இன்றும் பலர் நினைவுகூர்வர். எங்கள் பெற்றோர் தலைமுறையில் முறிகண்டியைக் கும்பிடாது வன்னியைக் கடந்தவர் மிகச் சிலரே.

அறுதல்

பாதை அறுந்தது ஒரே நாளில் நடந்த காரியமன்று. 1977 ஓகஸ்ட் வன்செயல்களின்போது அநுராதபுரம் நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டனர். வடக்குக்குச் செல்லும் ஒரே பாதை அந்த நிலையத்தினூடாகத்தான் போயிற்று என்பதால், அத்தாக்குதல் அங்கிருந்தவர்களின் துயரத்தோடு முடிந்துவிடாமல், அதன் பின் அப்பாதையில் பயணம் செய்த ஒவ்வொரு குடும்பத்தின் அச்சமாகவும் மாறியது. 1983 யூலைப் படுகொலைகளின் பின் கொழும்பில் அகதி முகாம்களில் அடைக்கலம் புகுந்தவர்களில் பெருந்தொகையினர் கப்பலில் ஏற்றப்பட்டே காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். எழுபத்தெட்டு ஆண்டுகளாகப் பாதை இருந்தும், யாழ்ப்பாணத்தார் மீண்டும் கடல்வழியே ஊர் சேர்ந்த தருணம் அது. பாதை அறுந்த நாளைக் குறிக்கச் சொன்னால், தண்டவாளம் முழுமையாக இருந்த அந்நாள்களையே நான் குறிப்பேன்.

1985 ஜனவரி 19ஆம் திகதி யாழ்தேவி முறிகண்டிக்கு அருகில் கண்ணிவெடித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதில் பயணித்த படையினரோடு பொதுமக்களும் உயிரிழந்தனர். அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போரில் புகையிரதம் படைகளைக் காவும் வாகனமாகவும் அதனாலேயே தாக்குதல் இலக்காகவும் மாறியபோது, பயணச்சீட்டு வாங்கி ஏறிய சாதாரண மனிதர் இரண்டுக்கும் நடுவே அகப்பட்டனர். அதன்பின் சேவை நின்றும் ஓடியும் இழுபட்டது. 1990 யூனில் போர் மீண்டும் வெடித்தது. யூன் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் முற்றாக நின்றது. அதிலிருந்து இருபத்து நான்கு ஆண்டுகள் யாழ்ப்பாண நிலையத்துக்கு எந்த வண்டியும் வரவில்லை.

அந்த இடைக்காலத்தில் பாதைக்கு நிகழ்ந்ததைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் 'பாதை சேதமடைந்தது' என்ற பொதுச்சொல் அதை மறைத்துவிடுகிறது. சேதமடைந்த பாதையைத் திருத்தலாம். இங்கே பாதையே இல்லாது போயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. இரு தரப்பாரும் அவ்வாறு செய்தனர். எறிகணைக்கு அஞ்சிய குடும்பங்களும் தம் வளவுக்குள் வெட்டிய பங்கர்களுக்குக் கட்டைகளை எடுத்தன. தடித்த அக்கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டால் சிதறல் உள்ளே வராது. ஆணி அடித்த துளைகளோடும் எண்ணெய் ஊறிய கரிய நிறத்தோடும் இருக்கும் அத்தகைய கட்டையொன்றைப் போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் கிளிநொச்சிப் பக்கத்து வீடொன்றின் கிணற்றடியில் கண்டேன். துவைக்கிற கல்லுக்கு முட்டாக அது கிடந்தது. அந்த வீட்டு அம்மா அதைக் காட்டி, "உதுதான் எங்களைக் காப்பாத்தின கட்டை, உதை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்" என்றார். பாதையின் இழப்பைப் பற்றி எழுதும்போது அவருடைய சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

தண்டவாளம் போன பின் எஞ்சியது மண்மேடு மட்டுமே. சில இடங்களில் அது ஊர்ப் பாதையாயிற்று; சில இடங்களில் காடு மூடிற்று; சில இடங்களில் வீடிழந்தவர்கள் அதன் ஓரத்திலேயே குடில் போட்டனர். 1990களின் முற்பகுதியில் குடாநாட்டை விட்டு வெளியேற விரும்பியவர்கள் ஆனையிறவு வழி அடைபட்டதால் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழிக்குப் புகையிரதம் சில நிமிடங்களில் கடந்திருந்த தூரத்தை, மழையில், மூட்டை முடிச்சுகளோடும் முதியவர்களோடும், மக்கள் இரவு முழுவதும் அடிமேல் அடிவைத்துக் கடந்தனர்.

2002 போர்நிறுத்தத்தின் பின் கண்டி வீதி திறக்கப்பட்டபோது, தெற்கே ஓமந்தையிலும் வடக்கே முகமாலையிலும் சோதனைச் சாவடிகள் அமைந்தன. இவ்விரு பெயர்களையும் புகையிரதப் பாதையின் வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முகமாலை பளைக்கும் எழுதுமட்டுவாளுக்கும் நடுவே உள்ளது. ஆக, அன்றைய இரு சாவடிகளுக்கும் இடைப்பட்ட நிலம், 1905இல் கடைசியாகப் போடப்பட்ட துண்டின் பெரும்பகுதியோடு பொருந்துகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் மலேரியாவும் காடும் குடிசனக் குறைவும் தாமதப்படுத்திய அதே நிலத்தை, இப்போது போர்முனை இருபுறமும் அடைத்து நின்றது.

மீண்டும் பொருந்துதல்

2009 மே மாதம் போர் முடிந்ததும், அடுத்த மாதமே வவுனியாவிலிருந்து தாண்டிக்குளம் வரை புகையிரதம் நீண்டது. 2011 மே மாதம் ஓமந்தையை அடைந்தது. அதற்கு அப்பால் எல்லாமே புதிதாகப் போடப்பட வேண்டியிருந்தது. இந்திய அரசின் கடனுதவியில், இந்திய அரசுத்துறை நிறுவனமான இர்கொன் அதைப் பொறுப்பேற்றது. ஓமந்தை முதல் பளை வரை ஏறத்தாழ 90 கிலோமீற்றர், பளை முதல் காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றர், மதவாச்சி முதல் மடு வரை 43, மடு முதல் தலைமன்னார் வரை 63 எனப் பணி பகுக்கப்பட்டது. தண்டவாளம் போடும் முன் கண்ணிவெடி அகற்ற வேண்டியிருந்தது. குறிப்பாக முகமாலைப் பகுதி நாட்டிலேயே மிக அடர்த்தியாக வெடிபொருள் புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்றாயிருந்தது. பழைய மரக்கட்டைகளின் இடத்தில் கொங்கிரீற்றுக் கட்டைகள் வந்தன. மணிக்கு 120 கிலோமீற்றர் வரை ஓடத்தக்கதாகப் பாதை வடிவமைக்கப்பட்டது.

திறப்பு நாள்களைப் பார்க்கலாம். கிளிநொச்சிக்கு 2013 செப்ரெம்பர் 14ஆம் திகதி புகையிரதம் வந்தது; வட மாகாண சபைத் தேர்தல் அதற்கு ஒரு வாரத்தின் பின் நடைபெற்றது. பளைக்கு 2014 மார்ச் 4ஆம் திகதி. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2ஆம் திகதி. சனாதிபதித் தேர்தல் அதே மாதம் 8ஆம் திகதி. இத்திகதிகளுக்கும் தேர்தல்களுக்கும் உள்ள நெருக்கம் தற்செயலென்று கருதுவது கடினம். அதே வேளையில், அன்று யாழ்ப்பாண நிலையத்தின் மேடையில் கூடி நின்ற கூட்டத்தின் மகிழ்ச்சி எந்த அரசியல்வாதிக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் பதிய வேண்டும். இருபத்து நான்கு வயதுக்கு உட்பட்ட எவரும் அந்த ஊரில் அதற்கு முன் ஒரு கோச்சி வந்து நின்றதைக் கண்டதில்லை.

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன பெயர். 2014 மார்ச் முதல் ஒக்ரோபர் வரை கொழும்பிலிருந்து வந்த யாழ்தேவி பளையில் நின்றது. பயணிகள் அங்கு இறங்கிப் பேருந்தில் யாழ்ப்பாணம் சென்றனர். 1902 முதல் 1905 வரை வடக்கிலிருந்து வந்த வண்டியும் பளையில்தான் நின்றது. அதற்கு அப்பால் தெற்கே போக வேண்டியவர் மாட்டு வண்டியைத் தேடினார். ஒரே நிலையம் நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகள் இடைவெளியில் இருமுறை, எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்த பாதையின் தற்காலிக முனையாக நின்றிருக்கிறது. குடாநாட்டின் கழுத்துப் பகுதியில், தென்மராட்சிக்கும் ஆனையிறவுக்கும் நடுவே அது அமைந்திருப்பதே காரணம்: குடாநாட்டின் செறிந்த ஊர்கள் முடியும் இடமும் வன்னிக்கான வாசல் தொடங்கும் இடமும் அதுவே.

இவ்வகையில் 1905இன் வேலைக்கும் 2014இன் வேலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று பாதை இரு முனைகளிலிருந்தும் நகர்ந்தது. அதனால் கடைசித் துண்டு பொருந்தும் முன்னரே குடாநாட்டாருக்கு அதன் பயன் கிடைத்தது. இம்முறை தெற்கிலிருந்து வடக்காக மட்டுமே அது வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான உள்ளூர்ச் சேவை, கொழும்பு வண்டி வந்து சேரும் வரை காத்திருக்க நேர்ந்தது.

பாதை முழுமையாயிற்று என்று 2015இலும் சொல்லிவிட முடியவில்லை. வடக்கே புதிய பாதையில் வேகமெடுத்த வண்டி, மாகோவுக்கும் ஓமந்தைக்கும் இடையிலான பழைய பாதையில் தளர்ந்து ஊர்ந்தது. அந்த 128 கிலோமீற்றரும் மீண்டும் இந்தியக் கடனுதவியிலேயே புதுப்பிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் சேவை நிறுத்தப்பட்டு அவ்வாண்டு யூலையில் மீண்டது, அதன்பின் மாகோ வரையான பகுதி மூடப்பட்டுத் திறந்தது. புதுப்பித்த பாதையை 2025 ஏப்ரில் 6ஆம் திகதி இந்தியப் பிரதமர் அநுராதபுரத்தில் தொடக்கிவைத்தார். அன்றே அவர் இராமேசுவரம் சென்று புதிய பாம்பன் பாலத்தையும் திறந்தார். 1914இல் ஒரே பயணத்தின் இரு கரைகளாக இருந்த பாதைகள் அவை. இன்று இடையில் கப்பல் இல்லை.

வன்னியின் கணக்கு

ஆய்வின் தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். பாதை மீண்டதால் வன்னிக்குக் கிடைத்தது என்ன? கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விரைவாகப் போக வேண்டியவர் நிறைவடைந்தார். விரைவு வண்டிகள் வன்னியை மிக வேகமாகக் கடக்கின்றன. மாங்குளத்திலும் புளியங்குளத்திலும் உள்ளவர் அவற்றின் சத்தத்தை மட்டும் கேட்கிற நாள்கள் உண்டு. கால் நூற்றாண்டாகத் தண்டவாளமற்ற மேட்டில் நடந்தும் மாடு சாய்த்தும் பழகிய ஊர்களினூடே திடீரென்று வேகவண்டி ஓடத் தொடங்கியதும், காவலற்ற கடவைகளில் உயிர்கள் போயின. கால்நடைகள் கூட்டமாக அடிபட்டன. சில கடவைகளுக்கு மணியும் விளக்கும் வந்தன. பலவற்றுக்கு ஆட்கள் நியமிக்கப்பட்டனர். மிகக் குறைந்த கூலிக்கு, நிரந்தர நியமனம் இன்றி அப்பணியைச் செய்த கடவைக் காப்பாளர் வடக்கில் பலமுறை போராட வேண்டியிருந்தது. அத்தகைய கடவையொன்றில் சிறிது நேரம் நின்றிருக்கிறேன். நாலு தடியில் தகரம் போட்ட ஒரு நிழல், ஒரு தண்ணீர்ப் போத்தல், கைத்தொலைபேசி, சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி. காப்பாளர் இளைஞர். அழைப்பு வந்ததும் எழுந்து சென்று வீதிக்குக் குறுக்கே தடியை இறக்கிவிட்டு, சைக்கிளில் வந்த பாடசாலைப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கையைக் காட்டி நிறுத்தினார். அரை நிமிடத்தில் வண்டி கடந்தது. பல நூறு கோடி செலவிட்ட பாதையின் பாதுகாப்பு அந்தத் தடியிலும் அவருடைய கவனத்திலும் தங்கியிருந்தது.

சரக்கின் கணக்கு இதைவிடத் துயரமானது. பயணிகள் திரும்பி வந்ததைப் போல் ஆலைகள் திரும்பி வரவில்லை. ஆனையிறவில் உப்பு மீண்டும் விளைகிறது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரில் சிதைந்தது. ஆனையிறவின் உப்பை வாங்கிய அந்த அயல் ஆலை பழைய நிலைக்கு மீளவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது, நின்றதுதான். ஒரு பாதையின் இருபுறமும் இருந்த உற்பத்தி அழிந்த பின், அதே பாதையை மட்டும் திருத்திப் போடுவது, கிணறு தூர்ந்த வளவில் துலாவைத் திருத்தி நாட்டுவதைப் போன்றது.

பாதையின் வடமுனையில் இது கண்கூடாகத் தெரிகிறது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் வந்தபோது, வலிகாமம் வடக்கின் பெரும் நிலப்பரப்பு இன்னும் உயர் பாதுகாப்பு வலயமாகவே இருந்தது. தெல்லிப்பழைக்கு அப்பால் யன்னலோரத்தில் அமர்ந்திருந்தவர்கள், கூரையற்ற வீடுகளையும், சுவர்களைப் பிளந்து வளர்ந்த ஆலமரங்களையும், முட்கம்பி வேலியையும் பார்த்துக்கொண்டே சென்றனர். அவர்களுள் சிலருக்கு அவை சொந்த வீடுகள். புகையிரதத்தில் கடந்து செல்லலாம், இறங்கி வளவுக்குள் போக முடியாது. அதன்பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுவிக்கப்படாதவை உள்ளன. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடர்ந்தது. 1902இல் தண்டவாளம் வந்து இறங்கிய அதே துறைமுகத்தில் இப்போது கடல் கடந்து வந்த பயணிகள் இறங்குகின்றனர். அவர்களில் கொழும்புக்குச் செல்வோருக்கு, துறைமுகத்துக்கு அண்மையிலேயே நிலையம் இருக்கிறது. ஏறினால் பளையைத் தாண்டி, ஆனையிறவின் வெளியைத் தாண்டி, முறிகண்டி, மாங்குளம், ஓமந்தை என்று வன்னி முழுவதையும் கடந்துதான் போக வேண்டும்.